ஒரு கண் மட்டும் தூங்கிய நாள்

1

என் வலது கண்ணின் இமை மெல்லச் சரிந்து பாதிக் கண்ணை மூடியதும் நர்ஸ் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். இமை தொங்கி, வெள்ளை விழி சிவந்து, கண்மணி சுருங்கி, பாதி முகம் மட்டும் எங்கோ போய் அழுதுவிட்டு வந்ததுபோல இருந்தது. அம்மா இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு வந்த முதல் நினைப்பு.

பார்த்தாள். அன்று மாலையே பார்த்தாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கூடவே, கழுத்தில் ஊசி போட்டு மனசுக்கு வைத்தியம் பார்க்கிறார்களாமே, அது என்ன என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கும் சேர்த்து. திருமழிசையில் விஷயம் பரவ அரை நாள் போதும். எனக்கு எழுத மனம் வரத்தான் இரண்டு மாதம் ஆனது.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு விடுதி மெஸ்ஸில் காய் நறுக்கி, பாத்திரம் தேய்த்து அம்மா என்னை இன்ஜினியர் ஆக்கினாள். இன்றும் விடிவதற்கு முன்னால் திருமழிசையில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, அதே மெஸ்ஸுக்குத்தான் போகிறாள். "எனக்கு எதுக்கு ரெஸ்ட்டு? ஒக்காந்தா துரு புடிச்சிடுவேன்" என்பாள்.

நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வெளியே. அம்மாவின் விடிகாலை எனக்கு மாலை. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவள் கூப்பிடுவாள். நான் சமையலறையில் டீ குடித்துக்கொண்டே பேசுவேன். பஸ் வருகிற சத்தம் கேட்டதும், "சரிம்மா, பஸ் வந்துருச்சு, ஏறு" என்று நானே முந்திக்கொண்டு வைத்துவிடுவேன். ஏழு வருடமாக அப்படித்தான்.

பஸ்ஸுக்குள் அவள் குரலோடு சேர்ந்து ரோடும் கேட்கும். அந்த ரோடு எனக்கு வேண்டாம்.

கல்லூரி கடைசி வருடம், பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். நானும் பக்கத்துத் தெரு ரேவதியும். நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு, செமினாருக்கு யார் முதலில் பேசுவது என்று சண்டை போட்டுக்கொண்டு. பின்னால் ஒரு ட்ரெய்லர் லாரியின் ஹாரன். அடுத்து அதன் பிரேக், காற்றுப் பீறிடுகிற அந்தச் சத்தம். ரேவதி அங்கேயே போய்விட்டாள். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அது ஒட்டிக்கொண்டது.

ஒட்டாதது வேறு. லாரி ஹாரன் கேட்டால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். அவ்வளவுதானே என்பீர்கள். ஏறியது இறங்காது. சாயங்காலம்வரை இறங்காது. உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். படிப்பை முடித்ததும் அம்பத்தூரில் வேலை கிடைத்தது, அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கிவிட்டேன். வேலை அதிகம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை அம்பத்தூருக்கு வரவழைத்தேன். அப்புறம் கல்யாணம், விமானம். ஊரைவிட்டு வந்தபின் ஒரே ஒரு தடவை போனேன், என் மகள் இனியா கைக்குழந்தையாக இருந்தபோது. விமான நிலையம் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கி அம்மாவை அங்கே வரச்சொன்னேன். குழந்தைக்குத் தூசி ஆகாது என்றேன். அம்மா ஹோட்டல் கட்டிலின் நுனியில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு ஒரு நட வந்துட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

3

இங்கே வந்தால் தப்பிவிடலாம் என்று நினைத்தது என் கணக்கு. டெக்சாஸில் இருக்கிற ட்ரெய்லர்களை வரிசையாக நிறுத்தினால் பூந்தமல்லி வரைக்கும் வரும்போல. என் கணவர் பிரபு திருநெல்வேலிக்காரர், கோபம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். பெரிய ரோட்டில் எல்லாம் அவர்தான் ஓட்டுவார். நான் சந்து சந்தாகச் சுற்றிப் போவேன். போன வருடம் இனியா பள்ளியில் சேர்ந்தாள். பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் பின் சீட்டிலிருந்து அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், "அம்மா, லாரி வந்தால் நீ ஏன் மூச்சு விடமாட்டேன் என்கிறாய்?" அவளும் என்னோடு சேர்ந்து மூச்சை அடக்கிப் பழகியிருந்தாள். அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள்.

என்னிடமிருந்து அவள் தமிழை வாங்கிக்கொள்ளவில்லை. இதை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே டாக்டரிடம் நேரம் கேட்டேன்.

மனநல மருத்துவரிடம் பேச்சு வைத்தியம் தொடங்கினேன். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அப்புறம்தான் இந்த ஊசியைப் பற்றிச் சொன்னார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் இது இன்னும் சோதனை அளவில் இருக்கிற வைத்தியம், யோசிக்க வேண்டும் என்றார்கள். ஃபோனில் ஒரு பெண் விபத்து எப்படி நடந்தது என்று கேட்டாள். ஷேர் ஆட்டோ என்றேன். டாக்ஸியா என்றாள். இல்லை என்றேன். பஸ்ஸா என்றாள். அதுவும் இல்லை. மூன்று சக்கரம், முன்பின் தெரியாத பத்துப் பேர், ஒருவர் மடியில் இன்னொருவர் பை என்று விளக்கினேன். கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது. "அப்படியென்றால் கேளிக்கை வாகனம் என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்றாள். ரேவதி இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்திருப்பாள்.

4

சரி, ஊசி.

கழுத்தின் கீழ்ப்பகுதியில், முன்புறமாக, ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. ஆபத்து வந்தால் ஓடு, இல்லாவிட்டால் எதிர்த்து நில் என்று உடம்புக்குச் சேதி கொண்டுபோகிற நரம்புகள் அதன் வழியாகப் போகின்றன. அதைச் சுற்றி மரத்துப்போக வைக்கும் மருந்தைச் செலுத்தினால் அந்தச் சேதி சில மணி நேரம் நின்றுபோகிறது. மருந்தின் வேகம் தீர்ந்தபின்னும் சிலருக்குப் படபடப்பு குறைந்தே இருக்கிறது. ஏன் அப்படி என்பது இன்னும் முழுதாகத் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை என்றும் சொன்னார். "இது நடந்ததை அழிக்காது. உங்கள் உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கும். அந்த ஓய்வில் பேச்சு வைத்தியம் நன்றாக வேலை செய்யலாம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம்." வாக்குக் கொடுக்காத டாக்டர் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள்: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மருந்து ஏதாவது ஒவ்வாதா, கர்ப்பமா. எவ்வளவு நேரம் முன்னால் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்று சொல்வார்கள். கூட ஒருவர் கட்டாயம் வரவேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது.

மல்லாந்து படுக்க வைத்தார்கள். தோளுக்குக் கீழே சின்னத் தலையணை, முகம் லேசாக இடப்பக்கம். கழுத்தில் குளிர்ந்த மருந்தைத் துடைத்து, வயிற்றில் பிள்ளையைப் பார்க்க வைப்பார்களே, அதே ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்துத் திரையில் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். முதலில் தோல் மரக்க ஒரு சின்னக் குத்து, எறும்புக் கடி மாதிரி. அப்புறம் வலி இல்லை, ஓர் அழுத்தம். கட்டைவிரலை வைத்து யாரோ உள்ளே நிதானமாகத் தள்ளுவதுபோல. அந்த நேரத்தில் பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் விரலைத் தூக்க வேண்டும். விழுங்காதே என்று சொன்ன பிறகு விழுங்காமல் இருப்பதுதான் அதில் உள்ள ஒரே கஷ்டம். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறி இறங்கச் சில நிமிடம்தான்.

பிறகு வலது கன்னமும் வலது கையும் மெல்லச் சூடாயின. மூக்கின் ஒரு பக்கம் அடைத்தது. இமை இறங்கியது. மருந்து சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், நர்ஸின் மகிழ்ச்சிக்கு அதுதான் காரணம். குரல் கட்டிக்கொண்டது. தொண்டையில் சோற்றுருண்டை சிக்கியதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் கண்காணித்து, முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, புரையேறாமல் இறங்குகிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். இதெல்லாம் சில மணி நேரத்தில் போய்விடும், சிலருக்கு ராத்திரிவரை இருக்கும். மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கழுத்து வீங்கினாலோ உடனே வரவேண்டும், மிக அபூர்வமாக அப்படியும் ஆவதுண்டு என்றார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காரில் திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் அப்படியே தூங்கிப்போனேன். பிரபு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னை எழுப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

5

மாலை அம்மா கூப்பிட்டாள். எடுக்காமல் இருந்தால் பிரபுவைக் கூப்பிடுவாள், அவரும் எடுக்காவிட்டால் தெருவையே கூட்டுவாள். எடுத்தேன், வீடியோ இல்லாமல்.

"இன்னாடி, கொரலு இப்டி கீது?"

"சளிம்மா."

"நேத்து நல்லாதான பேசின. வீடியோ போடு."

"நெட்டு சரியில்லம்மா."

"அமெரிக்காவுல நெட்டு இல்லியா? இங்க மாட்டுக் கொட்டாய்ல நின்னாகூட நெட்டு வருது. போடுடி."

அதற்குள் இனியா ஓடிவந்து பொத்தானை அழுத்திவிட்டாள். பாட்டியைப் பார்த்து அரைகுறைத் தமிழில் கத்தினாள். "ஆயா! லுக், அம்மாவோட ஒரு ஐ தூங்குது!"

அம்மா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் மிகவும் அமைதியாகக் கேட்டாள். "மாப்ள எங்க?"

"எதுக்கும்மா?"

"கூப்டு."

ரசத்தைத் தாளித்துக்கொண்டிருந்த பிரபு கரண்டியோடு வந்தார். "சொல்லுங்க அத்தை."

"இன்னா நைனா, எம் பொண்ண கண்ணு செவக்க அடிச்சு வெச்சுகீற?"

"அத்தை! நானா?"

"அவ அழுது அழுது தொண்ட கட்டிகினு கீறா, சளின்னு பொய் சொல்றா. நீ கை நீட்டறதுக்கா நான் பாத்திரம் தேச்சுப் படிக்க வெச்சேன்? கேக்க ஆளு இல்லன்னு நெனச்சுகினியா?"

ஆள் இருந்தது. தினமும் அம்மாவை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவந்து விடுகிற என் தாய்மாமன் ஏழுமலை ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "மாப்ள, தாய்மாமன் பேசறேன். பாஸ்போர்ட்டு இல்லன்னு பாக்காத. ஒரே வாரத்துல எடுத்துகினு வந்து நிப்பேன்."

"மாமா, அது ஊசி மாமா!"

"ஊசியா? கண்ணுலயா குத்தின?"

"கண்ணுல இல்ல, கழுத்துல."

"கழுத்துலயா!" மாமாவின் குரலுக்கு பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்திருக்கும். பிரபு கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனியும் சளி என்று சொன்னால் இந்த மனிதர் ஊரில் பெண்டாட்டியை அடிக்கிறவர் ஆகிவிடுவார். ஃபோனை வாங்கினேன்.

"அம்மா, அவரு ஒண்ணும் பண்ணல. நான்தான் ஊசி போட்டுகினேன். பயத்துக்கு."

"இன்னா பயம்?"

"ரோடு பயம். ரேவதி போனதுலேர்ந்து."

அப்போது பஸ் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். விரல் சிவப்புப் பொத்தானை நோக்கித் தானாகப் போனது. அதை மடக்கிக்கொண்டேன். "பஸ்ஸு வந்துச்சு பாரு, ஏறு" என்றார் மாமா. "போவட்டும், அடுத்ததுல போறேன்" என்றாள் அம்மா. பஸ் போனது.

அத்தனை வருடத்தையும் சொன்னேன், கட்டிய குரலில். கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதுமே, அந்தச் சங்கு என் உடம்பில் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறது, அதை நிறுத்திப் பார்க்கத்தான் ஊசி என்று சொன்னேன். நிற்குமா என்றாள். தெரியாது என்றேன்.

"அப்போ நீ ஊட்டுக்கு வராதது..."

"அந்த ரோட்டு வழியாதானம்மா வரணும்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.  "ஊடு சின்னதுன்னு வரலைன்னு நெனச்சுகினு இருந்தேன்டி. உனக்கோசரம்தான் வெஸ்டர்ன் டாய்லெட்டு வெச்சேன். மேல ஒட்டின ஸ்டிக்கரகூட நான் உரிக்கல. நீ பஸ்ஸு வந்ததும் ஃபோன வெச்சுடுவ. கூலி வேலைக்கு பஸ்ஸுல போற அம்மான்னு உனக்கு வெக்கம் போலன்னு..."

எனக்கா. அவள் மெஸ் சேலையின் மஞ்சள் வாசனையைத் தேடி இந்த ஊர்க் கடைகளில் மஞ்சள் பொட்டலங்களை முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கா.

ஒரு கண் திறந்து அழுதேன். இன்னொன்று பாதி மூடியபடி அழுதது.

6

விபத்து நடந்த மாதம் அம்மா என்னைப் பூந்தமல்லியில் ஒரு தர்காவுக்கு அழைத்துப்போனாள். பயந்தவர்களுக்கு ஓதிய தண்ணீரை எதிர்பாராமல் முகத்தில் அடிப்பார்கள், பயம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்று வெள்ளிக்கிழமை போகவேண்டும். நான் ஒரு வெள்ளியோடு நிறுத்திவிட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற பெண் முகத்தில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நிற்பதா என்று இருந்தது. இன்றும் அந்தத் தண்ணீரில் மருந்து இருந்ததாக நான் நினைக்கவில்லை.

ஆனால் அம்மா மறக்கவில்லை. மறுநாள் ஃபோனில் முதல் கேள்வியே அதுதான். "இந்த ஊசி எத்தினி தபா போடணும்?"

"தேவைப்பட்டா இன்னொரு தபா போடுவாங்கம்மா."

"தண்ணி அடிச்சதத்தான் பாதியில உட்டுட்ட. இதயாவது முழுசா போட்டுகினு வா."

அதோடு நிற்கவில்லை. மாமாவை ஸ்கூட்டர் ஓட்ட வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றியிருக்கிறாள். ஆவடிப் பக்கம் போய், ஊர் ஊராக உள்ரோட்டிலேயே வந்து, அந்த நெடுஞ்சாலையைத் தொடாமல் எங்கள் வீட்டுக்கு வர ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். "நடுவுல ஒரு எடத்துல எருமைங்க நிக்கும். கொஞ்சம் குண்டும் குழியுமா கீது. ஆனா ஒரு ட்ரெய்லரு கெடையாது. நான் நல்லா பாத்துட்டேன்" என்றாள். மாமா பின்னாலிருந்து, "இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. மாப்ளகிட்ட சொல்லு, மனசுல எதயும் வெச்சுக்க வேணாம்னு" என்றார். இதை அவர் இன்றுவரை தினமும் சொல்லி அனுப்புகிறார்.

ஊசிக்குப் பிறகு எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு: மந்திரம் போட்டதுபோல எதுவும் நடக்கவில்லை. முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். இரண்டாவது வாரம் பழையபடி ஆகிவிட்டதோ என்று பயந்தேன். மறுபடி ஒரு ஊசி போட்டார்கள், மறுபடி அந்தக் கண். பேச்சு வைத்தியம் தொடர்கிறது. இதே ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் தனக்கு எந்த மாற்றமும் இல்லை என்று அங்கே காத்திருக்கும்போது சொன்னார். அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இதை எங்கே போடுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. முதலில் ஒரு நல்ல மனநல மருத்துவரைப் பாருங்கள். படித்தவர்களுக்குப் பயம் வராது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

7

போன வாரம் அம்மா பஸ் ஸ்டாப்பிலிருந்து கூப்பிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. "சரி, வெச்சுடறேன்" என்றாள், எனக்காக அவளே முந்திக்கொண்டு.

"வெக்காதம்மா. அப்படியே ஏறு."

"வேணாம்டி."

"ஏறும்மா. பேச வேணாம். ஃபோன சும்மா கைல வெச்சுகினு வா."

ஏறினாள். நான் டீயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தேன். பிரபு இனியாவைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்டக்டரின் விசில். சில்லறை கேட்டு ஒரு சண்டை. யாரோ ஒரு அம்மா, "கொஞ்சம் நவுந்து குந்துமே, ஊடு மாதிரி பரப்பிகினு கீற" என்றாள். இன்னொருத்தி தன் மருமகளைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜன்னல் காற்று ஃபோனில் மோதியது. அந்தக் காற்றில் என்ன வாசனை இருக்கும் என்று எனக்குத் தெரியும். விடியலில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வருகிற ஈரமும், முதல் ஷிப்டுக்காகத் திறந்த டீக்கடையின் பாலும், டீசலும். ஏழு வருடமாக இதையெல்லாம்தான் சிவப்புப் பொத்தானை அழுத்தி அணைத்திருக்கிறேன்.

ஹாரன் வந்தது. ட்ரெய்லர்தான், நீளமாக, மிகக் கிட்டத்தில். பிறகு பிரேக்கின் காற்று.

தோள் இரண்டும் காதுவரை ஏறின. அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மூச்சு விட்டேன். இன்னொன்று. இறங்கின. மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. டீ கொஞ்சம் சிந்தியிருந்தது, கொஞ்சம்தான்.

அம்மா எந்த இடம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகள் கதை ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

"தாண்டிட்டோம்டி" என்றாள் அம்மா.

"ம்."

"கீறியா?"

"கீறேம்மா." சிந்திய டீயைத் துடைத்தேன்.  "அம்மா, அந்த டாய்லெட்டு ஸ்டிக்கர உரிச்சு வை."

 அவள் முந்தானையைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் எதுக்கு உரிக்கணும்?" என்றாள். "நீ வந்து உரி."

அப்புறம் ஃபோனை வைத்துவிட்டாள். பூந்தமல்லி வந்துவிட்டதாம்.